ஹாட்ஜ் துரை மீன்

பேராசிரியர் பிரணதார்த்திஹரன் தம் அறுபத்தோரு வருஷ வாழ்க்கையில் ஒரு மீனைக்கூட வாயில் வைத்தவர் அல்லர். ஆனால் இரண்டு மீன்களுக்குப் பெயர் வைத்தவர். மயிலாப்பூரில் முதல் பெருமைக்குத்தான் மதிப்பு அதிகம். இரண்டாவதைப் பற்றி அவரே எடுத்துச் சொன்னால்தான் உண்டு. எடுத்துச் சொல்வதில் அவர் குறை வைக்கவில்லை. லஸ் முனையில் டிராமுக்குக் காத்திருப்பவர், கச்சேரி நடுவில் வெற்றிலை போட வெளியே வந்தவர், குளக்கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு சந்தி செய்கிறவர், யாராக இருந்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் மீனைக் கொண்டுவந்துவிடுவார். மூக்கைப் பிடித்திருந்தவருக்கு அது ஒரு விதத்தில் சௌகரியமாகவும் இருந்தது.

கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். மீனைக் கையால் தொடமாட்டார். நீளமான இடுக்கியால் எடுப்பார், பார்ப்பார், ஸ்பிரிட் ஜாடியில் போடுவார், அப்புறம் தலைக்கு ஸ்நானம். ஒரு நாளில் நாலு மீன் பார்த்தால் நாலு ஸ்நானம்.

"அந்த மீன்களைவிட நீங்கதான் ஜாஸ்தி நேரம் தண்ணியில இருக்கேள்" என்பாள் அவர் மனைவி மீனாட்சி.

1948-ஆம் வருஷம் பிப்ரவரிக் கடைசியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மாகாணத்தில் கடல்மீன் அபிவிருத்திக்கு ஒரு கமிட்டி அமைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னோடியாக, பங்குனித் திருவிழாக் கூட்டம் தொடங்குமுன், லஸ்ஸில் ஒரு மண்டபத்தில் மீன் கண்காட்சி. பேராசிரியர் தாம் கண்டுபிடித்த மீன்களை அங்கே உயிரோடு காட்டவேண்டும். மந்திரி நேரில் வந்து பார்ப்பார். கமிட்டிக்குத் தலைவராக யாரைப் போடுவது என்பதை மந்திரி அதற்குப் பிறகு முடிவு செய்வார்.

கடிதத்தை அவர் மூன்று தடவை படித்தார். மூன்றாம் தடவை, சமையலறை வரை கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"மீனாட்சி! மந்திரி வரார்."

"நம்மாத்துக்கா?"

"கண்காட்சிக்கு."

"அப்போ காபி நான் போட வேண்டாம்" என்று பதில் வந்தது.

தலைவர் பதவி தமக்குத்தான் என்பதில் பேராசிரியருக்குச் சந்தேகமே இல்லை. மாகாணத்தில் வேறு யார் மீனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்? அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, தலைமையுரைக்கு முதல் வரியைக்கூட யோசித்துவிட்டார். நாலாம் தடவை கடிதத்தை எடுத்தபோதுதான் அடியில் இருந்த மந்திரியின் பெயர் கண்ணில் பட்டது. நடை நின்றது.

அந்த மந்திரி நாற்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போனவர். இரண்டு வருஷம் எட்டு மாசம் உள்ளே இருந்தார். அவரை உள்ளே அனுப்பும் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் கவர்னரின் ஆலோசகராக இருந்த சர் பெர்சிவல் ஹாட்ஜ். பேராசிரியர் கண்டுபிடித்த இரண்டு மீன்களில் அழகானதற்கு, பேர்போனதற்கு, கண்காட்சியில் நடுநாயகமாக நிற்கவேண்டியதற்கு வைத்த பெயர் ஸ்காரஸ் ஹாட்ஜி.

இது எப்படி நேர்ந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நாற்பத்தைந்தில் அவர் 'ராவ் பகதூர்' பட்டத்துக்கு ஆசைப்பட்டார். பட்டியலில் பெயர் சேர்க்கிற இடத்தில் ஹாட்ஜ் துரை இருந்தார். அந்தச் சமயம் பார்த்து நொச்சிக்குப்பத்து எட்டியப்பன் இரண்டு கிளிமீன்களைக் கொண்டுவந்தான். ஒன்று பழுப்பு, உடம்பில் மங்கிய வெள்ளைப் பொட்டு. மற்றது நல்ல பச்சை, கன்னத்தில் ரோஜா வரி, வாலில் நீலம். இரண்டுக்கும் பல்லெல்லாம் ஒட்டிப்போய்க் கிளி மூக்காக இருந்தது. இரண்டும் புது இனம் என்று முடிவு கட்டி, பேராசிரியர் புத்தகம் எழுதினார். பழுப்பு மீன் முதலில். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லாததால் ஊர்ப் பெயரையே வைத்து, ஸ்காரஸ் மதராசென்சிஸ் என்று எழுதிவிட்டார். பச்சை மீனுக்குத் துரை பெயர். ஹாட்ஜ் துரை நன்றி தெரிவித்து நாலு வரி எழுதினார். பட்டம் வரவில்லை. நாற்பத்தேழில் துரை கப்பலேறிவிட்டார். மீன் இங்கேயே தங்கிவிட்டது.

"பேரை மாத்திட்டாப் போறது" என்றாள் மீனாட்சி, சாதம் போட்டுக்கொண்டே. "தெருவுக்கெல்லாம் மாத்தறாளே."

"தெருவுக்கு மாத்தலாம். மீனுக்கு முடியாது. ஒரு தடவை அச்சில ஏறிடுத்துன்னா வெச்ச பேர் வெச்சதுதான். உலகம் பூராவும் அதுதான் விதி."

"வெச்சவாளே மாத்தினா?"

"வெச்சவாளுக்கும் அந்தப் பாத்யதை இல்லை."

"அப்போ வெக்கறச்சே யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்கப் போனாள்.

விதிப் புத்தகத்தை அவர் சாயங்காலம் வரை புரட்டினார். ஒரே ஒரு வழி இருந்தது. புதிதென்று பெயர் வைத்த மீன், முன்பே பெயர் பெற்ற இன்னொரு மீன்தான் என்று நிரூபித்துவிட்டால் பிந்தின பெயர் செத்துப்போகும். முந்தின பெயர் நிற்கும். அதாவது, தாம் கண்டுபிடிக்கவே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டால் தப்பிக்கலாம்.

மறுநாள் ஆளனுப்பி அப்துல் வஹீதை வரவழைத்தார். மீர்சாகிப்பேட்டைக்காரர். கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் திரைச்சீலையில் மாளிகையும் நந்தவனமும் தீட்டுவது அவர் தொழில். பேராசிரியரின் புத்தகத்துக்கு மீன் படம் வரைந்தவர் அவர்தான். ஹாட்ஜியை அவர் வெகுநாள் 'ஹாஜி' என்றே நினைத்திருந்தார். மக்கா போய்வந்த யாரோ பெரியவருக்கு ஐயர் மரியாதை செய்கிறாரே என்று சந்தோஷப்பட்டு, வாலில் நீலத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தார்.

"வஹீத், அந்தப் பச்சை மீனும் பழுப்பு மீனும் ஒரே இனமா இருக்குமோன்னு எனக்கு ஒரு சம்சயம்" என்று பேராசிரியர் ஆரம்பித்தார், அப்போதுதான் தோன்றின மாதிரி.

வஹீத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அரே சாப், நான் அப்பவே சொன்னேனே. ரெண்டுத்துக்கும் செதில் எண்ணிக்கை ஒண்ணு, முள்ளு எண்ணிக்கை ஒண்ணு. படம் போடறவன் எண்ணாம போட முடியுமா? நீங்க இன்னா சொன்னீங்க? 'நீ வரை, எண்ணாதே'ன்னீங்க."

"அப்படியா சொன்னேன்?"

"எட்டியப்பனும் சொன்னான். அது பொம்பளயா கீது, பெருசானா ஆம்பள ஆயிடுதுன்னு. நீங்க காதைப் பொத்திக்கினு குளிக்கப் போய்ட்டீங்க."

பேராசிரியர் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். "அந்த அசிங்கத்தை விடு. வயசாக ஆக நிறம் மாறறதுன்னு வெச்சுக்கலாம். ரெண்டும் ஒரே இடத்துல சேர்ந்து இருக்கறதைப் பார்த்தாப் போறும். கிளம்பு."

கையில் குடையோடு அவரே நொச்சிக்குப்பத்துக்கு நடந்து போனது அதுதான் முதல் தடவை. எட்டியப்பன் மணலில் உட்கார்ந்து, மீன் பிடிக்கும் பிரம்புக்கூட்டுக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயசு இருக்கும். பேராசிரியரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கூட்டைக் கீழே வைக்கவில்லை.

"இன்னா சாமி, இம்மாந் தூரம்?"

"அந்தக் கிளிமீன் எங்கே இருக்கு?"

"பார்ல கீது."

"பார்க்கறேன். எங்கேன்னு சொல்லு."

"அதான் சாமி. பார்ல."

"அதைத்தாண்டா பார்க்கறேங்கறேன்!"

எட்டியப்பன் வஹீதைப் பார்த்தான். "இன்னா பாய், ஐயருக்கு வெயிலா?"

"சாப், பார்னா பாக்கறது இல்லே" என்றார் வஹீத். "கடலுக்கு அடியில பாறை கீதுல்ல, மேடு மாதிரி, அதுக்கு இவங்க பார்னு சொல்றது."

பேராசிரியர் குடையை மடக்கினார். பிறகு மறுபடி விரித்தார். அவருடைய புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில், வாழுமிடம் என்ற தலைப்பின் கீழே, இந்த மீன்கள் அடையாற்று முகத்துவாரத்தில் உள்ள மணல்திட்டில் வாழ்கின்றன என்று அச்சாகியிருந்தது. நாற்பத்தைந்தில் அவர் கேட்டபோதும் எட்டியப்பன் 'பார்' என்றுதான் சொன்னான். இங்கிலீஷில் மணல்திட்டுக்கு 'பார்' என்று பெயர். குப்பத்து ஆள் இங்கிலீஷ் வார்த்தை சரியாகச் சொல்கிறானே என்று அன்றைக்கு அவர் மெச்சிக்கூடப் பேசினார். பாறையைக் கொறித்துத் தின்பதற்கென்றே அலகு படைத்த பிராணியை மூன்று வருஷமாக மணலில் குடிவைத்திருந்தார். புத்தகத்தை நம்பி மூன்று ஆராய்ச்சி மாணவர்கள் திருவனந்தபுரத்திலிருந்து வந்து, அடையாற்று முகத்துவாரத்தில் ஒரு பகல் முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நண்டுக்கடியோடு ஊர் திரும்பியதற்கும் காரணம் இப்போது புரிந்தது. பாறைக்குப் போயிருந்தால் பச்சையும் பழுப்பும் ஒரே குடும்பமாகத் திரிவதை முதல் நாளே பார்த்திருப்பார்கள்.

"அந்தப் பாறையில ரெண்டும் சேர்ந்து இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"புருசன் பொண்டாட்டி சேர்ந்து இல்லாம?"

"நீ பார்த்ததை எழுதித் தரேன். அதுல ஒரு கைநாட்டு வெச்சாப் போறும்."

எட்டியப்பன் சிரித்தான். "அன்னைக்கு வாயால சொன்னதையே நம்பல. இப்ப கைநாட்டு வெச்சா நம்பிடுவியா சாமி? நாளைக்கு விடியக்காத்தால வா. மரத்துல குந்து. உன் கண்ணால பாரு."

"நானா? கட்டுமரத்திலயா?"

"மீனு உன்னாண்ட நடந்து வர அதுக்குக் காலு இல்லியே."

மறுநாள் காலை, பஞ்சகச்சத்தை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகி, இடுப்பில் ஒரு துண்டும் துண்டின்மேல் எட்டியப்பன் கட்டிவிட்ட கயிறுமாகப் பேராசிரியர் பிரணதார்த்திஹரன் கட்டுமரத்தில் உட்கார்ந்தார். கட்டுமரத்தில் உட்காருகிற இடமும் கடலும் ஒன்றுதான் என்பது ஏறினவுடனே தெரிந்தது. ஆகவே ஸ்நானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. வஹீத் ஒரு மண்ணெண்ணெய் டின்னின் அடித்தகட்டை வெட்டி, கண்ணாடி பதித்து, மக்குப் பசை வைத்து ஒட்டிக் கொடுத்திருந்தார். அவர் மட்டும் கரையிலேயே நின்றுகொண்டார். தமக்கு நந்தவனம் தீட்டத்தான் வரும், நீந்த வராது என்றார்.

சாந்தோம் கோபுரம் விரல் நீளத்துக்குச் சிறுத்தபோது எட்டியப்பன் துடுப்பை நிறுத்தினான். எதைப் பார்த்து இடம் கண்டான் என்பது பேராசிரியருக்கு விளங்கவில்லை. "மாதா கோயில் கோபுரமும் அந்த ஒத்தப் பனையும் ஒண்ணா வந்திச்சின்னா அடில பார். எட்டு பாகம் ஆழம்" என்றான். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். மாசி மாசக் கடல் தெளிந்திருந்தது. டின்னைத் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் முகத்தை விட்டார் பேராசிரியர்.

கீழே ஒரு குன்று இருந்தது. அதன் முதுகெல்லாம் பாசி, பிளவுகளில் மஞ்சளும் செம்மண் நிறமுமாகக் கடற்பஞ்சு. சின்ன மீன்கள் கூட்டமாக வந்து, என்னவோ ஞாபகம் வந்தாற்போல ஒன்றாகத் திரும்பின. பிறகு பச்சை மீன் வந்தது. ஸ்பிரிட் ஜாடியில் மூன்று வருஷமாக அது அழுக்குச் சாம்பல் நிறத்தில் கிடந்ததுதான் அவர் கண்ணுக்குப் பழக்கம். வஹீத் போட்ட நீலம் கொஞ்சம் அதிகம் என்று அப்போது கண்டித்திருந்தார். அது குறைவு என்று இப்போது தெரிந்தது. வாலை அசைக்காமல், பக்கத்துத் துடுப்புகள் இரண்டையும் சிறகு போல அடித்துக்கொண்டு அது போயிற்று. அதன் பின்னால் ஆறு பழுப்பு மீன்கள். எல்லாம் பாறையில் வாயை வைத்துச் சுரண்டின. டின்னுக்குள் காது இருந்ததால் அந்தச் சத்தம் கேட்டது. தேங்காய் துருவுகிற சத்தம். சற்று நேரத்தில் பச்சை மீன் பின்பக்கமாக வெள்ளையாய் எதையோ புகைபோல விட்டது.

"அது என்ன?"

"கல்லத் துண்ணுது, மண்ணாப் பேளுது" என்றான் எட்டியப்பன். "நம்ம கரையில கீற மண்ணுல பாதி இதுங்களுது சாமி."

பாதி என்பது மிகை என்று பேராசிரியருக்குத் தெரியும். ஆனாலும், தினமும் சாயங்காலம் கடற்கரையில் நாலு ஓய்வுபெற்ற ஜட்ஜுகளோடு எதன்மேல் உட்கார்ந்து கடோபநிஷத் விசாரம் செய்துவருகிறோம் என்பது ஒரு கணம் மனசில் வந்து போயிற்று.

"அந்தாண்ட இன்னொரு பார் கீது" என்றான் எட்டியப்பன். "அங்க இருந்த பச்சைய நான் புடிச்சி இருவது நாளு ஆவுது. இப்ப அங்க ஒண்ணு பாதிப் பச்சையா திரியுது. வெளியூர்லேர்ந்து மாப்ள இட்டாந்தாங்களா? அதுங்கள்லயே பெருசா இருந்தது மாறுது. கூடு வெச்சி எடுத்துக் குடுக்கறேன், அறுத்துப் பாரு. நான் சொன்னது பொய்யா இருந்தா என் பேரை எடுத்து அந்த மீனுக்கு வெய்யி."

மூன்று நாள் கழித்து எட்டியப்பன் ஐந்து மீன் கொண்டுவந்தான். இரண்டு பழுப்பு, இரண்டு பச்சை, ஒன்று தலைப்பக்கம் பச்சையும் வால்பக்கம் பழுப்புமானது. பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பழுப்பு இரண்டிலும் முட்டை. பச்சை இரண்டிலும் விந்து. ஐந்தாவதை அறுத்து, மெல்லிய சீவலாக நுண்ணோக்கியின் கீழே வைத்தார். சுருங்கிக் கரைகிற பழைய முட்டைகள் ஒரு பக்கம். அவற்றின் நடுவிலேயே புதிதாக விந்து ஊறத் தொடங்கியிருந்தது. ஒரே உறுப்பு. ஒரு வாழ்க்கையை மூட்டை கட்டிக்கொண்டே அடுத்த வாழ்க்கைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்திய மனுஷர் முதல் தடவையாக ஒன்றை நிஜமாகவே கண்டுபிடித்திருந்தார். இடுக்கியை எங்கோ போட்டுவிட்டுக் கையாலேயே மீனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தார்.

"மீனாட்சி! இது பொம்மனாட்டியா இருந்து ஆம்பளையா மாறறது!"

"யாரு?"

"மீன்! பொண்டாட்டியா குடித்தனம் பண்ணிண்டிருந்து, ஆம்படையான் போய்ட்டான்னா அதுவே ஆம்படையானா ஆயிடறது!"

மீனாட்சி ஜன்னலைச் சாத்தினாள். "அதுக்கு ஏன் தெருவே கேக்கறாப்ல கத்தறேள்? எதிராத்து ஜட்ஜ் பேப்பரைக் கீழே வெச்சுட்டுப் பாக்கறார்."

அவ்வளவுதான். விஞ்ஞானம் பத்து நிமிஷம் நீடித்தது. பிறகு மயிலாப்பூர் திரும்பி வந்துவிட்டது. இதை எப்படி அச்சில் போடுவது? ஒரு கமிட்டித் தலைவர் எழுதுகிற விஷயமா இது? அவர் குளித்துவிட்டு வந்து, எட்டு வரியில் ஒரு குறிப்பு எழுதினார். ஸ்காரஸ் ஹாட்ஜி என்பது தனி இனமன்று. அது ஸ்காரஸ் மதராசென்சிஸ்தான். வயது முதிர்ச்சியால் நிறம் வேறுபடுகிறது. ஆகவே பிந்தின பெயர் விலக்கப்படுகிறது. மயிலை இயற்கைச் சங்கத்தின் ஏட்டுக்கு அனுப்பினார். அந்த ஏட்டின் ஆசிரியர் அவரே. காரியதரிசியும் அவரே. வாசகர்களிலும் கணிசமான பகுதி அவர்தான். குறிப்பு உடனே ஏற்கப்பட்டு, பத்து நாளில் அச்சாயிற்று.

"அந்தப் பாதி மீனு படம் போட்டுட்டேனே, அது எங்க வருது சாப்?" என்று கேட்டார் வஹீத்.

"அது வேண்டாம். நம்ம ஏட்டை ஸ்திரீகளும் படிப்பா."

"யாரு சாப்?"



கண்காட்சி நாளன்று மந்திரி ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தார். கதர் ஜிப்பா, கழுத்தில் கதம்ப மாலை. நெல்லைச் சீமைக்காரர். மண்டபத்தில் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகள், மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து நிரப்பிய கடல்நீர். நடுத்தொட்டியில் ஒரு பச்சை மீனும் மூன்று பழுப்பு மீன்களும். முன்னால் வஹீத் எழுதிய பலகை: ஸ்காரஸ் மதராசென்சிஸ், மதராஸ் கிளிமீன். தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற எட்டியப்பன் வெளுத்த சட்டையோடு நின்றிருந்தான். பேராசிரியர் சரிகை அங்கவஸ்திரத்தோடு வரவேற்றார். மதராஸின் பெயரை மண்ணிலிருந்து கடலுக்குக் கொண்டுபோனதில் தமக்கு உள்ள அடக்கமான பங்கைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்.

மந்திரி ஒவ்வொரு பலகையாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே நடந்தார். கடைசிப் பலகை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"அந்த ஹாட்ஜ் மீன் எங்கய்யா?"

பேராசிரியர் அங்கவஸ்திரத்தை இழுத்து விட்டுக்கொண்டார். "அப்படி ஒரு மீன் இல்லை."

"இல்லையா? இருக்குன்னு புஸ்தகம் போட்டது நீங்கதானே?"

"போட்டது நான்தான். இல்லைன்னு போட்டதும் நான்தான்."

"அடடா" என்றார் மந்திரி. முகம் வாடிவிட்டது. "ரெண்டு வருஷம் எட்டு மாசம் உள்ள உக்காந்து அந்த ஆளு பேரத்தான்யா ஜெபிச்சேன். அவர் பேர்ல மீன் ஒண்ணு இருக்குன்னாங்க. வறுத்து ஒரு துண்டு வாயில போட்டா மனசு ஆறிடும்னுல்ல ஆசையா வந்தேன். இல்லேன்னா எனக்கு எதுக்குய்யா மீன் கண்காட்சி?" இறால் தொட்டிப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அவரோடு செக்ரட்டரியும், செக்ரட்டரி கையிலிருந்த கமிட்டிக் காகிதமும் நடந்தன.

பேராசிரியர் அங்கவஸ்திரம் நழுவப் பின்னால் ஓடினார். "இதுதான்! இந்தப் பச்சைதான் ஹாட்ஜ்!"

மந்திரி நின்றார். "அப்ப இந்தப் பழுப்பு?"

"அதுவும் ஹாட்ஜ்தான். ஹாட்ஜ் ஆறதுக்கு முன்னாடி."

"புரியலையே."

"அது பொம்பள சார்" என்றான் எட்டியப்பன், வாளியைக் கீழே வைத்துவிட்டு. "பெருசானா ஆம்பள ஆவும். சாமியே அறுத்துப் பாத்துக்கீது."

மந்திரி பச்சை மீனைப் பார்த்தார், பழுப்பு மீனைப் பார்த்தார், கடைசியில் பேராசிரியரைப் பார்த்தார். "அப்போ ஹாட்ஜ் துரை மொதல்ல பொம்பளையா இருந்தவராய்யா?"

ஜட்ஜுகள் நாலு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். பேராசிரியருக்கு நுண்ணோக்கியில் பார்த்த அந்தச் சீவல் நினைவு வந்தது. உள்ளதைச் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

"ஆமாம்" என்றார்.

மந்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வர, மாலையை எடுத்துத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மேடையில் ஏறி அதையே மூன்று விதமாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கைதட்டல். மீனை வறுக்கலாமா என்று செக்ரட்டரி காதோடு கேட்டபோது மட்டும், "பேரை மதராஸ்னு மாத்திட்டாரேய்யா. மதராஸைப் போய் எப்படி வறுக்கறது?" என்று வருத்தப்பட்டுக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் அவர் பேச்சு வந்தது. பேராசிரியரின் பெயரும் வந்தது, மூன்று எழுத்துப்பிழைகளோடு.

ஒரு வாரத்தில் இரண்டு சமாசாரம் ஒரே நாளில் வந்தன. கமிட்டித் தலைவராகத் தியாகராய நகரில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் வெள்ளைச்சாமி நாடார் நியமனம் ஆனார். மீனுக்கு ஐஸ் இன்றியமையாதது என்று மந்திரி கருதியிருந்தார். மற்றது, வானொலியிலிருந்து பேராசிரியருக்கு வந்த கடிதம். மந்திரி அவருடைய நகைச்சுவை உணர்வை வெகுவாகப் பாராட்டியதால், குழந்தைகள் நிகழ்ச்சியில் கிளிமீன் பற்றிப் பத்து நிமிஷம் பேச அழைத்திருந்தார்கள். கேட்பவர்கள் சிறுவர் சிறுமியர் என்பதால் ஆண் பெண் விஷயத்தை மட்டும் தவிர்க்கவும் என்று அடியில் ஒரு வரி.

"அதை விட்டுட்டு அந்த மீன்ல என்ன இருக்கு?" என்று பேராசிரியர் கூடம் அதிரக் கேட்டார். ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டு ஜட்ஜ் பேப்பரைக் கீழே வைத்தார். வைக்கட்டும் என்று இன்னொரு தடவையும் கேட்டார்.

"கமிட்டியில மெம்பர் வேலையாவது காலி இருக்கா?" என்றாள் மீனாட்சி.

"மூணு இடம் இருக்கு."

மூன்றாம் நாள் வஹீதுக்கு ஆள் போயிற்று. வஹீத் வந்தபோது மேஜைமேல் ஒரு ஜாடி இருந்தது, உள்ளே சிவப்புக் கோடு போட்ட சின்ன மீன் ஒன்று.

"இதை வரையணும் வஹீத். புது இனம்."

"பேரு சாப்?"

"வெள்ளைச்சாமி" என்றார் பேராசிரியர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "லத்தீன்ல வேற மாதிரி வரும்."

வஹீத் பென்சிலைச் சீவினார். ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செதில் எண்ணலாமா, வேணாமா?"

பேராசிரியர் எழுந்து ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூலையிலிருந்த குடையை எடுத்தார்.

"எண்ணிண்டே வா. நொச்சிக்குப்பம் போய் அவனை ஒரு வார்த்தை கேட்டுடலாம்."